பறிக்கக் கூடாத களை

நிலச் சீர்திருத்தத்தில் பட்டா கிடைத்தபின் வந்த முதல் கன்னிப்பூ நெல் சாகுபடியில், பாறசாலைப் பக்கத்து எங்கள் வயல்களுக்கு ஓர் ஆராய்ச்சி அதிகாரி வந்தார். பிடுங்கிய களையைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார்; பை எப்போதும் பச்சையாக இருக்கும். களைக்கொல்லியின் பலனை ஒப்பிட, பக்கத்து வீட்டு அக்காவின் வயலில் ஒரு துண்டைக் களை பறிக்காமல் விடச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது அதுவும் சுத்தமாக இருந்தது.

“அக்கா, எனக்க ஆராய்ச்சி போச்சே.”

“இது இப்பம் எனக்க நிலமாக்கும், சாரே. களை கெடந்தா, கெட்டியவன் துபாய்க்குப் போனதும் இவ வேலை செய்யாத மடிச்சியாயிட்டாண்ணு ஊரு சொல்லும்.”

அவர் சிரித்துவிட்டார். அடுத்த சாகுபடியில் அந்தத் துண்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகை நட்டார்: ‘இந்தக் களை ஆராய்ச்சி அதிகாரிக்குச் சொந்தம்.’ அக்கா அதைத் தொடவே இல்லை.

நிலம் என்னுடையது என்று நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் பலர் நின்ற காலம் அது. களை என்னுடையது என்றவர், நான் அறிய அவர் ஒருவர்தான்.