எங்கள் வீட்டு மாமரத்தில் அவன் கை

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். தோட்டக்கலைப் படிப்பில் எனக்குக் கடைசி வருடம். கல்லூரி தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் அவரவர் மாவட்டத்துக்கே அனுப்பினார்கள். தென்னார்க்காட்டுக்காரர்கள் இரண்டே பேர்தான், நானும் அவனும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் எங்களைப் போட்டார்கள்.

நான் கெடார் பக்கம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை, மாமரம், கிணறு என்று ஓரளவு வசதியான குடும்பம். அவன் வானூர் பக்கம். அப்பா அம்மா இருவருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு முருங்கை நட்டு வைக்கக்கூட வீட்டில் இடம் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

பண்ணையில் முதல் வேலை மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது. கன்றின் நுனியைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல ரக மரத்தின் குச்சியை ஆப்பு போலச் செதுக்கிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சில வாரங்களில் குச்சி துளிர்த்தால் ஒட்டுப் பிடித்தது, கறுத்தால் போச்சு. அவன் கட்டியதெல்லாம் துளிர்த்தது. நான் கட்டியது வரிசையாகக் கறுத்தது. பண்ணையைப் பார்க்க யார் வந்தாலும் அதிகாரி நேராக அவன் பாத்திக்குத்தான் அழைத்துப் போவார். என் பாத்தியைத் தாண்டும்போது அவர் நடை வேகமாகும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். சின்ன வயதில் அப்பா அடித்து அடித்து மாற்றிவிட்டார். எழுத்தும் சாப்பாடும் வலது கைக்கு வந்துவிட்டன. ஒட்டுக்கத்தியையும் அந்தக் கையில்தான் பிடித்தேன். பிடித்தேனே தவிர, அது என் பேச்சைக் கேட்கவில்லை.

வீட்டிலும் இந்த விஷயத்தில் எனக்குப் பெயர் கெட்டுத்தான் இருந்தது. எங்கள் கிணற்றோரம் ஒரு நாட்டு மாமரம், பழம் ஒரே புளிப்பு, நார். நல்ல ரகமாக மாற்றலாம் என்று நான் சொன்னதை நம்பி அப்பா அதன் கிளைகளை வெட்டியிருந்தார். வெட்டிய இடத்தில் கிளம்பிய இளங்கிளைகளில் பொங்கல் லீவில் நான் கட்டிய ஒட்டு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. படிக்கவைத்ததற்கு மரம் மொட்டையானதுதான் மிச்சம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை ஒருநாள் பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லித் தொலைத்தேன். உடனே, வாடா இன்னொரு தடவை கட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை பண்ணையிலிருந்து பங்கனப்பள்ளிக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அவன் முதல் குச்சியைச் செதுக்கியதை அப்பா நின்று பார்த்தார். இரண்டாவதை உட்கார்ந்து பார்த்தார்.

"ஒங்க கையில நல்ல வாட்டம் இருக்குது தம்பி. எல்லாத்தையும் நீங்களே கட்டிடுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ குச்சி எடுத்துக் குடுத்துக்கினு நில்லு. கத்தியத் தொடாத" என்றார்.

எங்கள் நிலம், எங்கள் மரம். அதில் நான் எடுபிடி. மத்தியானம் அம்மா அவனுக்கு மீன் துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கிழக்குக் கொல்லையில் மல்லாட்டையை விட்டுவிட்டு சப்போட்டா வைக்கலாமா என்று அப்பா அவனைக் கேட்டார். அத்தனை வருடத்தில் என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் பணிவாகப் பதில் சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திமிராகவாவது பேசியிருக்கலாம், வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அப்பா விதை வாங்க வெளியே போயிருந்தார். அவன் ஏணியில் நின்று மேல்கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கிணற்றுப் பக்கம் தாழ்ந்த கிளை ஒன்று மிச்சமிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு அதனிடம் போனேன். பார்க்க ஆளில்லை என்பதால் கத்தி தானாக இடது கைக்கு வந்தது. கோபத்தில் மடமடவென்று அந்தக் கிளை முழுக்கக் கட்டி முடித்தேன். அவன் மேலிருந்து பார்த்துவிட்டு அடுத்த குச்சியைக் கையில் எடுத்தான்.

அப்பா வந்ததும் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். தாழ்ந்த கிளையைக் கட்டியது நான்தான் என்று நான் வாய் திறக்கவில்லை. எப்படியும் கறுக்கத்தான் போகிறது, அவன் கணக்கிலேயே கறுக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இன்னும் சொல்லப்போனால், மரம் முழுக்கவே கறுக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எங்கள் வீட்டு மரம்தான், இருந்தாலும்.

சில வாரம் கழித்து அப்பா எங்கள் இருவரையும் வரச்சொன்னார். போனதும் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார், என் கையை அல்ல. மேலே நிறைய துளிர்த்திருந்தது, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுத்தும் இருந்தது. கிணற்றுப் பக்கம் தாழ்ந்த கிளையில் மட்டும் ஒன்று விடாமல் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது.

"இந்தக் கெளையப் பாருங்க தம்பி, ஒண்ணுகூடத் தப்பல. ஒங்க கை அப்படி" என்றார் அப்பா.

என்னுடையது என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? நானே அவன் பெயரில் எழுதிக் கொடுத்தது.

"அது நான் கட்னது இல்லீங்க. இவன் கட்னது" என்றான் அவன்.

அப்பா சிரித்தார். நண்பனுக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அவன் விடவில்லை. மேல்கிளை ஒன்றை வளைத்துப் பிடித்து இரண்டையும் பக்கத்தில் காட்டினான்.

"என் நாடா இந்தப் பக்கமா சுத்திக்கினு போவுது. இது எதிர்ப்பக்கம் பாருங்க. பீச்சாங்கையால கட்னா இப்டிதாங்க வரும்."

அப்பா நாடாவைத் தடவிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு என் இடது கையை வெகுநேரம் பார்த்தார். வரப்பில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனவர், திரும்பாமலே சொன்னார்: "மேக்கால இருக்குற மரத்தையும் வெட்டி வுடறேன். அடுத்த வருசம் நீ கட்டு. எந்தக் கை வசதியோ அந்தக் கையால கட்டு."

திரும்பும் பஸ்ஸில் அவனிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். நன்றி சொல்லத் தெரியாமல்தான் கேட்டேன். "நீ கட்னத நீ கட்னதுன்னு சொன்னேன். இதுல இன்னாடா இருக்குது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்தோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அன்று அது இன்னும் கூடியது. மடியில் வந்து விழுந்த புகழை ஒரு நிமிடம்கூடத் தடவிப் பார்க்காமல் உரியவனிடம் எடுத்துக் கொடுக்க அவனால் முடிந்ததே என்று. ஒட்டுக் கட்டுவது பிற்பாடு எனக்கும் கைவந்துவிட்டது, பிழைப்பே அதுதான் என்றானது. அந்த ஒன்று மட்டும் இன்னும் கைவரவில்லை, அதனால் அவன்மேல் எனக்குள்ள பொறாமையை நான் இன்றுவரை விடவும் இல்லை.