சரியான விடையைக் கடைசியில் அமுக்குகிறவர்கள்

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். அந்தப் பாடம் என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். அதற்காகத்தான் வீடியோவில் இறங்கினேன். சும்மா ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ அல்ல. நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். சரியான விடையை அமுக்கினால் மேலே போகும். தப்பாக அமுக்கினால், அது ஏன் தப்பு என்று நான் தனியாகப் பேசி வைத்த விளக்கம் வரும். கேள்விக்கு நான்கு விடை, அதில் மூன்று தப்பு, ஆக மூன்று விளக்கம். மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடுமே என்று அதை நிறுத்திவிட்டு, கோடை விடுமுறை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கப் பேசினேன். "யாரு மேடம் இதையெல்லாம் கேக்கப் போறா?" என்று பக்கத்து மேசை ஆசிரியர் கிண்டல் செய்தார். கேட்க வைக்கிறேனா இல்லையா, ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

கேட்க வைக்க நான் கண்ட வழி மதிப்பெண். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கினேன். முதல் தடவையே சரியாக அமுக்கினால் முழு மதிப்பெண். ஒவ்வொரு தப்புக்கும் குறையும், மூன்று தப்பென்றால் ஒன்றும் மிஞ்சாது. திறக்காதவர்களுக்குப் பூஜ்யம். எங்கள் கல்லூரியில் இன்டர்னலின் ஒரு பங்கில் குறைந்தபட்சம் வராவிட்டால்கூட, செமஸ்டர் தேர்வை எப்படி எழுதினாலும் அரியர்தான்.

முதல் வீடியோவின் அறிக்கை வந்தது. வகுப்பு முழுவதும் பச்சையாக இருக்க, கீரமங்கலத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் வரிசை மட்டும் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று தப்பு, நான்காவதுதான் சரி. ஒரு கேள்விகூடப் பாக்கியில்லை. அதே ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னும் நான்கு பெண்கள் வீடியோவைத் திறக்கவே இல்லை.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். நான் சிந்திய வியர்வையை நினைத்தபோது அது இன்னும் ஏறியது. வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, போன் மேல் ஆட்டுக்குட்டி நடந்திருந்தால்கூட இதைவிட நல்ல மார்க் வந்திருக்கும் என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தலை குனியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்று மதியமே மதிப்பெண்களைத் தேர்வுப் பிரிவுக்கு ஏற்றிவிட்டேன். அந்த ஐந்து பேருக்கும் அரியர் உறுதியாகிவிட்டது.

மறுநாள் அவள் தனியாக என் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"சரியா அமுக்குனா நீங்க அடுத்ததுக்குப் போயிர்றீங்க மேடம். தப்பா அமுக்குனாத்தான் நின்னு சொல்றீங்க."

 மற்ற நான்கு பேரும் தன்னோடு சேர்ந்துதான் பார்த்தார்கள், நம்பிக்கை இல்லையென்றால் நாளைக் காலை எங்கள் பஸ்ஸில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் வீடு ஆலங்குடியில். தினமும் ஸ்கூட்டரில் போகிறவள், மறுநாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸில் முன்பக்கமாக ஏறினேன். ஏறும்போதே என் குரல் என்னை வரவேற்றது. கடைசி இருக்கையில் ஐந்து பேர், நடுவில் ஒரு போன், சத்தம் முழுதாக. மற்ற நான்கு பேர் வீட்டுப் போன்களும் காலையில் அப்பாக்களோடு வேலைக்குப் போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று அடுத்த வீடியோ. நான்கு நாள் முறையே மூன்று, நான்கு, ஐந்து, ஆறு நிமிடம் தாமதமாக வந்த பஸ், ஐந்தாம் நாள் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதம். அந்தப் பஸ்ஸின் வழக்கமான தாமதத்தைச் சொல்ல எந்த அளவு பொருந்தும் என்பது கேள்வி. வரிசையின் நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை அளவுதான் விடை என்று ஒருத்தி உடனே சொல்லிவிட்டாள். ஆனாலும் அமுக்கவில்லை. சரியான விடையைக் கடைசியில்தான் அமுக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். ஒவ்வொரு தப்புக்கும் ஒருத்தி வக்கீலாக வாதாடினாள். வாதம் முடிந்ததும் அதை அமுக்கினார்கள். என் விளக்கம் வந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே கண்டக்டர், "சராசரிய அமுக்குங்கத்தா, டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்றார். ஒரு நாள் பஞ்சரை வைத்து ஒரு பஸ்ஸை எடை போடக் கூடாது என்று போனுக்குள்ளிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. வேறு யாருமே கேட்காத என் விளக்கங்களை ஒன்று விடாமல் கேட்டவர்களுக்குத்தான் நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

கல்லூரிக்குப் போனதும் நேரே துறைத் தலைவரிடம் போனேன். ஏற்றிய மதிப்பெண்ணைத் திருத்துவதற்குத் திறக்கக் கடிதம் வேண்டும், கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதிக் கொடுங்கள், வேலை முடிந்தது என்றார். கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது, கோளாறு நான் மதிப்பெண் போட்ட முறையில் என்றேன். அப்படி எழுதினால் என் கோப்பில் நிற்கும் என்று எச்சரித்தார். நிற்கட்டும் என்று அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்வுப் பிரிவு கடிதத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியது. நான்காம் தடவை நானே போய் அங்கே உட்கார்ந்துகொண்டேன். திறந்துவிட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஐந்து பேரையும் தனித்தனியாக அழைத்துக் கேள்வி கேட்டேன். எது சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொன்னார்கள். ஒருத்தி ஓரிடத்தில் தடுமாறி, தானே திருத்திக்கொண்டாள். மதிப்பெண் மாறியது. அரியர் போனது.

ஆனால் திட்டியது வகுப்பில் அல்லவா? அங்கேயே போய்ச் சொன்னேன். ஆட்டுக்குட்டி என்று நான் சொன்னது தப்பு, இந்த வகுப்பில் என் பாடத்தை முழுதாகக் கேட்டவர்கள் இந்த ஐந்து பேர்தான் என்றேன். இனிமேல் தப்பாக அமுக்கினால் மதிப்பெண் குறையாது என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அப்போதுதான் தலை குனிந்தாள்.

முன் வரிசையில் ஒரு கை எழுந்தது. இரண்டு வீடியோவிலும் முழு மதிப்பெண் எடுத்தவள்.

"மேடம், அந்தப் பஸ் கேள்வி எனக்குப் புரியல. விடை வாட்ஸ்அப்ல வந்துச்சு, அமுக்கிட்டேன்."

அவளுக்குப் பின்னால் இன்னொரு கை, அப்புறம் நான்கைந்து, அப்புறம் கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் எழுந்தன. பச்சையாக இருந்த அத்தனை வரிசைகளும். புதிய பாடத்துக்கு எடுத்து வந்த குறிப்பை மூடி வைத்தேன். கீரமங்கலத்துப் பெண்கள் ஐந்து பேரையும் பலகைக்கு அழைத்து, தப்பான விடையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.