சிஸ்டரின் போன்

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது, மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜை நர்சுகள் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் செங்கல்பட்டில் கொரோனா வார்டு, அடுத்த வாரம் இங்கே தனித்தனி அறையில் அடைந்திருக்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் வைத்து, தட்டிவிட்டு, மாடிப்படி வரை விலகி நிற்பது என் வேலை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. பெண்களிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது.

சிற்பப் பட்டறைகளில் உளிச்சத்தம் நின்றிருந்தது. வெளியூர் பஸ்கள் இல்லை. இத்தனை வருடம் வேலை பார்த்தும், கடல் சத்தம் எங்கள் மாடிப்படி வரை வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேல் மாடியில் கடைசி அறையில் இருந்த சிஸ்டர் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டார். ஒரு மதியம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, இந்தப் போனக் கீழ எடுத்துனு போய்டுங்க. சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது.”

“வூட்ல இருந்து கூப்பிடுவாங்களேமா?”

“பாப்பா கூப்பிடுவா. அம்மா தூங்குதுன்னு சொல்லிடுங்க. எனக்குப் பேச வரல.”

நான் படிக்குப் போன பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, போனை நாற்காலியில் வைத்தார். சானிடைசர் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

பாப்பா மதுராந்தகத்தில் சிஸ்டருடைய அம்மாவிடம் இருந்தாள். ஒரு நாளைக்குப் பலமுறை கூப்பிட்டாள். “இன்னாய்யா, மேனேஜர் நீயா நானா? எனக்கே இவ்ளோ போன் வர்ல” என்று மேனேஜர் கிண்டல் செய்தார்.

“அம்மா இன்னும் தூங்குதா?” என்று பாப்பா கேட்பாள். ஆமாம் என்பேன். மூன்றாவது நாள் குரல் மாறியிருந்தது. “பொய் சொல்ற. அம்மாக்கு என்மேல கோவமா?”

என்ன சொல்லி வைத்தேன் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலம் வேறொரு ஆள் கூப்பிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் மீன்பிடிக்கிறவர்.

“சிஸ்டர் இல்லியா அண்ணாத்த? எங்கம்மா அந்த வார்டுலதான் செத்துப்போச்சு. சிஸ்டர் இந்தப் போன்லதான் அம்மாவ வீடியோல காட்டுவாங்க. கடைசி நாள் பாதில கட்டாய்டுச்சு. அதுக்கப்புறம் அம்மா எதுனா சொல்லிச்சான்னு கேட்டுச் சொல்றியா?”

மறுக்கத் தெரியாமல் போனோடு மேலே போய், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அப்படியே சொன்னேன். ஏன் கேட்டோம் என்று இருந்தது. பிறகு குரல் வந்தது.

“ஜன்னல் பக்கத்து பெட். மூக்குத்தியக் கழட்ட மாட்டேன்னு அடம் புடிச்சாங்க. மாடில கருவாடு காயுது, நாய் வாய வெச்சிடும், என் புள்ளய எடுத்து வெக்கச் சொல்லுன்னாங்க. அப்புறம் என்னப் பாத்து, மூஞ்சிய மூடிக்கினே கீறியே, கழட்டு, யாருன்னு பாக்கறேன்னாங்க. நான் மாஸ்க்கக் கழட்டல. கழட்டக் கூடாதுண்ணா. அப்படியே போய்ட்டாங்க.”

போனில் அதைச் சொன்னேன். கருவாடு என்றதும் அந்த ஆள் அழுதுகொண்டே சிரித்தார்.

“அது எங்கம்மாதான். யார் வந்தாலும் மூஞ்சியப் பாக்காம வுடாது. அது பாக்கல, நானாச்சும் பாக்கறேன் அண்ணாத்த. சிஸ்டர வீடியோல வரச் சொல்லு.”

“சிரிக்கிறாருமா,” என்றேன் கதவைப் பார்த்து. “உங்க மூஞ்சியப் பாக்கணுமாம்.”

“சிரிக்கிறாரா? திட்டலியா?”

“திட்டலமா.”

தாழ்ப்பாள் விலகியது. வீடியோவைப் போட்டு, போனை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியில் போய் நின்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கன்னத்திலும் மூக்கிலும் மாஸ்க் அழுத்திய தழும்பு இன்னும் கறுத்திருந்தது. அந்த முகத்தைப் போனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நான் தலை குனிந்துகொண்டேன். கோயிலில் சாமிக்குத் திரை விலகும்போது எனக்கு வருகிற மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போனை வைத்த பிறகு, வாசலிலேயே உட்கார்ந்து, அந்த வார்டில் இறந்துபோனவர்கள் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஒருவர் பைக் சாவி வைத்த இடத்தைச் சொன்னாராம். ஒரு பெண் மாமியாரைத் திட்டினாளாம். ஒரு சொல்லும் அவருக்கு மறக்கவில்லை. இத்தனை பேரின் கடைசிப் பேச்சை ஒரு உடம்பு தாங்க முடியுமா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இன்றும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

இருட்டுவதற்கு முன் அவரே மதுராந்தகத்துக்குப் போன் போட்டார்.

“அம்மா தூங்கலடி. அழுதுகினு இருந்தேன்.”

“யாரு அடிச்சாங்க?” என்று பாப்பா கேட்டது படியில் நின்ற எனக்கே கேட்டது.

“யாரும் அடிக்கலடா. இரு, சொல்றேன்,” என்று அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் சத்தம் வராமல் கீழே இறங்கினேன்.