பன்னிரண்டும் பறக்க வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நொட்டை என்று பெயர். போர் வியூகக் கணினி விளையாட்டில் விமானச் சண்டை நிஜம்போல இருக்கிறதா என்று பார்த்து நொட்டை சொல்வதுதான் அவர் வேலை. நான் அதே விளையாட்டுக்கு மேகம் வரைகிறவன், பக்கத்து நாற்காலி. ஏணியில் மூன்றாம் படி ஏறினால் மனிதருக்குத் தலை சுற்றும். ஆனால் ஏவுகணை அரை விநாடி முந்தி வெடித்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நாலு வருடமாகத் தற்காலிக ஊழியர். இந்த விளையாட்டு தேறினால் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் இரண்டாவது குழந்தை என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவருடைய மாமனார் விமானப்படையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் திரைமுன் உட்காரவைத்தார் நொட்டை. பன்னிரண்டு விமானங்களும் ஒன்றாகக் கிளம்பின. மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"பன்னெண்டுமா? அஞ்சு பறந்தாலே அதிசயம், மாப்பிள்ளை! ஒண்ணுக்கு டயர் வந்திருக்காது, ஒண்ணுல எண்ணெய் ஒழுகும். இன்னொண்ணைக் கழட்டித்தான் மத்ததுக்கு மாட்டுவோம்."

நொட்டை, நிரல் எழுதுகிறவரை நச்சரித்து அத்தனையையும் விளையாட்டில் சேர்த்துவிட்டார். சும்மா போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். முதலாளியிடமாவது சொல்லுங்கள் என்றேன். நிஜத்துக்கு எதற்கு அனுமதி என்றார்.

விளையாட்டுக்கு நற்சான்று தர, ஓய்வுபெற்ற தளபதி ஒருவரை முதலாளி அழைத்துவந்தார். தளபதி பொத்தானை அழுத்தினார். ஐந்து கிளம்பின. ஏழு கொட்டகையிலேயே நின்றன. 'உதிரிபாகம் வரவில்லை' என்று திரையில் வந்தது. என் மேகம் மட்டும் அழகாக நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன கேலிக்கூத்து இது? என் காலத்துல பன்னெண்டும் பறந்துச்சு!" என்று எழுந்துவிட்டார் தளபதி.

முதலாளி நொட்டையைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் பறக்கணும். எல்லாம் நிஜம்தான்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வேலை வேணுமா, வேணாமா?"

போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் இடத்தில் நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

நிரந்தரக் கடிதத்தோடு வீட்டுக்குப் போனவர் துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். மனைவி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். நொட்டை மாமனார் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மன்னிச்சிருங்க மாமா. பறக்காததைப் பறக்கும்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தத் தளபதி வாய் கூசாமப் பொய் சொல்றாரு."

"அவரு பொய் சொல்லலை மாப்பிள்ளை," என்றார் மாமனார். "அவருக்குப் போன காகிதத்துல பன்னெண்டும் பறந்துச்சு. முப்பது வருஷமா அதுல கையெழுத்துப் போட்டவன் நான்தான்."