குரல் வராத மத்தியானம்

திருக்கொச்சி ராஜ்யமாயிருந்த காலம். கரமனையில் குடியிருந்தோம். எனக்கு முப்பது வயது. தனிமையில் என் கணவர் கட்டளையிடுவதும் நான் கீழ்ப்படிவதும் இருவருக்குமே பிடித்திருந்தது. 'போதும்' என்றால் நிறுத்திவிடுவார்.

ஒரு மத்தியானம் என் கைகளைத் துண்டால் கட்டினார். கண்ணையும் கட்டச் சொன்னது நான்தான். கட்டியதுமே மூச்சடைத்தது. 'போதும்' என்று கத்தப் பார்த்தேன், நாக்கு எழவில்லை. இவர் நிறுத்தவே மாட்டாரோ என்று உடம்பெல்லாம் சில்லிட்டது.

"ஏண்டி பேசமாட்டேங்கறே?"

பதில் வராததும் பதறிப்போய்க் கட்டுகளை அவிழ்த்தார்.

"நான் போதும்னு சொல்லலையே, எப்படி நிறுத்தினேள்?" என்றேன், குரல் திரும்பியதும்.

"சரின்னும் சொல்லலையே நீ. பயந்துட்டேன்."

அவர் மடியில் வெகுநேரம் அழுதேன். அவருக்கு அடங்கிப்போகிற தைரியம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக வந்தது.