வாசலிலிருந்து தொட்டிவரை

எழில் விருதுநகரில், ட்ரோன் படங்களை அளந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடித்துப்போன பட்டாசு ஆலையின் படம் அங்கேதான் வந்தது. அந்த விபத்தில் இறந்த நால்வரில் அவள் அம்மா மாடத்தியும் ஒருத்தி. வேறு யாராவது பார்க்கட்டும் என்றார்கள் கம்பெனியில். "எங்கம்மா செத்த இடத்த இன்னொருத்தர் எதுக்கு அளக்கணும்?" என்று கத்திவிட்டாள்.

அம்மா வேலை பார்த்த வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. படத்தில் அறை வாசலில் செருப்புகள் கருகிக் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியருகே, அம்மாவின் உடல் கிடந்த இடத்தைச் சுண்ணாம்பால் வட்டமிட்டிருந்தார்கள். திரையில் வாசலுக்கும் வட்டத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான் இருந்தது. ஓரத்து எண்களோ வெறும் புள்ளிக் கணக்கு, பிக்சல். அறுநூற்றிருபது புள்ளி என்றால் யாருக்கு என்ன புரியும்?

"அங்கனயே போயிட்டாக தாயி, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்று ஃபோர்மேன் வெள்ளைத்துரை துக்கவீட்டில் சொல்லியிருந்தார். இத்தனை நாளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

அறிக்கைக்கு மீட்டர் கணக்கு வேண்டும். படத்தின் நான்கு ஓரங்களுக்கும் நிஜ அளவைக் கொடுத்து மறுபடி வரைய வைத்தாள். படம் துளியும் மாறவில்லை, ஓரத்து எண்கள் மட்டும் மாறின. வாசலிலிருந்து தொட்டிவரை முப்பத்தொரு மீட்டர். அவ்வளவு தூரம் அம்மா தண்ணீரைத் தேடி ஓடியிருக்கிறாள்.

வீட்டிலிருந்து ஆலை வேன் நிற்கும் இடம் அவ்வளவு தூரம்கூட இல்லை. மூட்டுவலிக்காரி அம்மா, நடுவில் ஒருமுறை உட்கார்ந்துதான் போவாள்.