அருள்மேரி அறுத்த முட்டை

அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுத்து, மஞ்சளை விரலால் தள்ளி எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் என் களி உருண்டைக்குப் பக்கத்தில் வைப்பாள் அருள்மேரி. மஞ்சள் கடைநாய்க்குப் போகும். நாய் மினுமினுவென்று இருந்தது. இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாநில எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அவள் சாப்பாட்டுக் கடை. அறுபத்தேழிலிருந்து அறுபத்தொன்பது வரை நான் சேலம் பெங்களூர் லாரி ஓட்டினேன். வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு நேராக அங்கேதான் போவேன். ராகிக் களி, கீரைக் குழம்பு, முட்டை. அந்தக் களியின் சூடு மாதிரி இன்னொரு கடையில் நான் காணவில்லை. இன்னமும் அவள்தான் கிண்டுகிறாளாம்.

அவள் புருஷன் சகாயநாதன் மண்டியில் மூட்டை தூக்கியவர். நாற்பது வயதில், முதுகில் மூட்டையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உடம்பைப் பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் விடமாட்டாள். பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பேப்பரில் டாக்டர் படமோ காய்கறிப் படமோ இருந்தால் கிழித்து வைத்திருப்பாள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். "நீ மெதுவா படிக்கறதுதாண்ணா எனக்கு வெளங்குது" என்பாள்.

கேட்டதை அப்படியே நம்பவும் மாட்டாள். காபியை விட்டால் தூக்கம் நன்றாக வரும், ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் படித்தேன்.

"யாரு வுட்டுப் பாத்தாங்க?"

"காலேஜ் பசங்க."

"எத்தினி பேரு?"

"பன்னிரண்டு."

"பன்னெண்டா? நம்ம பெஞ்சுல ஒரு பந்திக்கே அத்தினி பேரு குந்தறாங்க. மூட்டையா தூக்கறானுங்க அவனுங்க? காபி குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா?"

டிரைவர் கரியப்பன் சிரித்தான். "அந்த டாக்டருங்க உன்னக் கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

"வரச் சொல்லு. களி போட்டுட்டு கேக்கறேன். நீ மொதல்ல தட்டக் கழுவு."

முட்டை விஷயத்தில் மட்டும் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. மஞ்சள் கரு இருதயத்துக்கு ஆகாது என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள் என்ற வரியைப் படித்தேன். அடுத்த வரிக்குப் போவதற்குள், "போதும், நிறுத்து" என்று பேப்பரைப் பிடுங்கி ஏசுநாதர் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். மறுநாளிலிருந்து எல்லார் தட்டிலும் வெள்ளைதான். சண்டை போட்டேன். "உசுரோட வூடு போய்ச் சேரு" என்றாள்.

இன்னொரு நாள், யாரும் கேட்காமலே, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு தெனம் ரெண்டு முட்ட. நாந்தானே அவிச்சுக் குடுத்தேன்."

அதற்கப்புறம் நான் சண்டை போடவில்லை. கோபம் மட்டும் இருந்தது.

அறுபத்தொன்பது கடைசியில் முதலாளி என்னை மதுரைப் பக்கம் மாற்றினார். இனி இந்த வழி வரமாட்டேன் என்று சொன்னேன். களி வைத்தாள். முட்டையை அறுக்காமல் நின்றாள். பிறகு பெஞ்சின்மேல் ஏறி, படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பேப்பரை ஒட்டடையோடு எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு நான் கேக்கல. யாரு தின்னு பாத்தாங்க?"

மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் கூட்டினேன். "நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"அவரு குந்தி நான் பாத்ததே இல்லண்ணா."

"அப்ப எனக்கு மஞ்சளோட வை."

"நீ குந்திக்கினுதானே ஓட்டற?"

நூலை எடுத்தாள். அறுத்தாள். வெள்ளை என் தட்டுக்கு வந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. அவள் மஞ்சளை அதற்குப் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிண்ணா."